இடைநிலைப் பிரெஞ்சும் தமிழ் இலக்கணமும்

பிறமொழி ஒன்றனைக் கற்கப் புகுவார்க்கு முதற்படி இன்பந் தருவது. முடிந்த படியும் இன்பந் தருவது. இவ்விரண்டற்கும் இடையிலுள்ள படியே துன்பந் தருவது. தொடங்கிய நாளிற் கற்கும் ஒவ்வொரு சொல்லும் புதையல் கண்டாற்போல மகிழ்ச்சி விளைக்கும். நிரம்பக் கற்றாரோ அம்மொழியிலுள்ள நூல்களைப் பிறர் துணையின்றித் தாமே சுவைப்பர். இடையில் நிற்பவன் தொடக்கத்தின் புதுமையும் நீங்கி, முடிவின் பயனும் எய்தாது, எகிப்தை விட்டு நீங்கியும் கானானைக் காணாத இஸ்ரவேலர்போல வனாந்தரத்திற் சுற்றுகின்றான். அவருட் பலர் வனாந்தரத்திலேயே மாண்டமை நாம் அறிவோம். பிரெஞ்சு கற்கத் தொடங்குவாருள்ளும் பலர் இவ்விடைநிலையிலேயே அப்படிப்பைக் கைவிடுகின்றனர்.

நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், பட்டப்படிப்பின் முதற்பகுதியாகிய மொழிப்பாடத்திற்குத் தமிழை விடுத்துப் பிரெஞ்சினை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அங்ஙனம் எடுப்போருட் சிலர் அம்மொழிமேற் கொண்ட ஆர்வத்தால் எடுப்பர். வேறு சிலர் மதிப்பெண் எளிதிற் கிடைக்கும் என்னும் கருத்தால் எடுப்பர். எக்கருத்தால் எடுப்பினும், தமிழ் வேறு, பிரெஞ்சு வேறு, ஒன்றற்கு மற்றொன்றால் ஆவதொன்றும் இல்லை என்னும் எண்ணம் இரு திறத்தாரிடத்தும் காணப்படுகின்றது. இவ்வெண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிரெஞ்சின் முதற்படியை ஆங்கிலத்தின் துணைகொண்டு ஏறிவிடலாம். இடைநிலையைக் கடப்பதற்கோ தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தினும் சிறந்த துணையாதல் பல இடங்களிற் காணலாம். தமிழ் துணை செய்யாத இடங்களும் உள. அவற்றையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இடைநிலையாவது யாது?

ஐரோப்பிய மொழிகளைக் கற்பார்தம் திறனை அளத்தற்பொருட்டு ஐரோப்பியக் கழகத்தார் 2001-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அஃது ஏ, பி, சி என்னும் மூன்று பிரிவும், பிரிவொன்றற்கு இரண்டாக ஆறு படிகளும் உடையது. அவற்றுள் நடுவணுள்ள பி. 1, பி. 2 என்னும் இரண்டுமே இடைநிலையாம். பிரெஞ்சு அரசாங்கத்தின் கல்வி அமைச்சினர் 1985-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய 'டெல்ஃப்' என்னும் பரீட்சையும் இன்று இவ்வளவுகோலையே தழுவி நடைபெறுகின்றது. அதன் பி. 1 படியில் மாணவன் தன் அனுபவத்தையும் கருத்தையும் 160 சொற்களுக்குக் குறையாமல் எழுதவேண்டும். பி. 2 படியிலோ ஒரு கொள்கையை நிறுவி 250 சொற்களுக்குக் குறையாமல் வாதித்தெழுதவேண்டும். பிரான்சிலுள்ள பல்கலைக்கழகங்களில் அம்மொழி வாயிலாகப் பயிலப் புகுவாரிடம் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது இவ்விரண்டாம் படியே.

இப்படிகளை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முதனிலை மாணவனிடம் கேட்கப்படுவது பெயர், ஊர், உணவு, விலை, நேரம் முதலியன. அவற்றிற்குச் சொற்கள் போதும். இடைநிலை மாணவனோ நடந்ததனை நடந்தவாறு கூறவும், விரும்புவது, ஐயுறுவது, உடன்படுவது, மறுப்பது ஆகியவற்றை வேறுபடுத்திக் கூறவும் கேட்கப்படுகின்றான். இதற்குச் சொற்கள் மட்டும் போதா. வேற்றுமைகளை அறியும் அறிவு வேண்டும். பலர் இதனை உணராது, இடைநிலையிலும் சொற்பட்டியலையே நீட்டிக்கொண்டு செல்கின்றனர். நாலாயிரஞ் சொல் அறிந்தும் நாலு வாக்கியம் பிழையற எழுத இயலாமைக்கு இதுவே காரணம்.

காலம்

இடைநிலை மாணவனை முதற்கண் மயக்குவது இறந்தகாலம். பிரெஞ்சில் இறந்தகாலம் பலவகைப்படும். அவற்றுட் பேச்சிலும் எழுத்திலும் நாடொறும் வேண்டப்படுவன இரண்டு. 'பஸே கொம்போஸே' எனப்படுவது ஒரு நிகழ்ச்சி நிகழ்ந்து முடிந்தது என்று காட்டும். 'அம்பர்ஃபே' எனப்படுவது அக்காலத்தில் ஒரு செயலோ நிலையோ முடிவு தோன்றாமல் நிலவிற்று என்று காட்டும். முன்னதனை முடிவிறந்தகாலம் எனவும், பின்னதனை நிலவிறந்தகாலம் எனவும் ஈண்டு வழங்குவோம்.

பின்வரும் சிறு கதையை நோக்குக: "மாலை நேரம். மழை பெய்தது. கிழவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நாய் குரைத்தது. அவர் எழுந்தார்." தமிழில் இதன்கண் யாதொரு குறையும் இல்லை. இதனைப் பிரெஞ்சில் எழுதப் புகுவான் ஒவ்வொரு வினையினிடத்தும் நின்று தீர்ப்புக் கூறுதல் வேண்டும். மழை பெய்தது கதைக்குப் பின்புலம், ஆகலின் நிலவிறந்தகாலம். கிழவர் அமர்ந்திருந்ததும் அவ்வாறே. அவர் எழுந்தது முடிந்த செயல், ஆகலின் முடிவிறந்தகாலம். நாய் குரைத்ததோ? அது மாலை முழுதும் குரைத்துக்கொண்டே இருந்ததாயின் நிலவிறந்தகாலம். திடீரெனக் குரைத்தது, அது கேட்டு அவர் எழுந்தார் எனின் முடிவிறந்தகாலம். தமிழ் 'குரைத்தது' என ஒரு சொல்லால் இரண்டையும் அடக்கிக் கேட்போர் உணர்வுக்கு விட்டுவிடுகின்றது. பிரெஞ்சு அங்ஙனம் விடுவதில்லை. எழுதுவோனே முடிவு செய்யவேண்டும். இவ்விடத்தில் விதியை மனப்பாடஞ் செய்தவன் தடுமாறுவான். கதையைக் கண்முன் நிறுத்திப் பார்த்தவன் தடுமாறான்.

இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. 'அறிதல்' என்னும் பொருளுடைய 'ஸவுவார்' என்னும் வினை நிலவிறந்தகாலத்தில் வரின் 'எனக்குத் தெரிந்திருந்தது' எனப் பொருள்படும். அதுவே முடிவிறந்தகாலத்தில் வரின் பெரும்பாலும் 'எனக்குத் தெரியவந்தது' எனப் பொருள்படும். காலம் மாறப் பொருளும் மாறிற்று. 'தெரிந்திருந்தது', 'தெரியவந்தது' என இரண்டையும் நாம் நாடொறும் வழங்குகின்றோம் ஆதலின், இவ்வேறுபாட்டை உணர்தற்குத் தமிழனுக்கு நீண்ட விளக்கம் வேண்டா.

தமிழ் இலக்கணம் பிறிதொரு வழியாலும் ஈண்டு விளக்கேற்றுகின்றது. "என் பாட்டனார் இளமையில் விடியற்காலையில் எழுவார், ஆற்றுக்குச் செல்வார், நீராடித் திரும்புவார்" என்று நாம் சொல்கின்றோம். பாட்டனார் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அவர் செய்கையை எதிர்கால வினைமுற்றாற் கூறுவது எவ்வாறு பொருந்தும்? காலங்கள் ஒன்று மற்றொன்றாய்ப் பிறழ்ந்து வருதற்குரிய இடங்களுள் இயல்பினையும் ஒன்றாக நன்னூலார் எண்ணினர். வழக்கமாக நடந்ததனைக் கூறுதற்கு இவ்வெதிர்கால வடிவு உரியதாயிற்று. பிரெஞ்சில் இவ்வழக்கப் பொருளுக்கு உரியது நிலவிறந்தகாலம். ஆகவே இறந்தகால நிகழ்ச்சி ஒன்றைத் தமிழில் 'செல்வார்' என்று கூறலாமோ என வினவிப் பார்க்க. கூறலாம் எனின், பிரெஞ்சில் நிலவிறந்தகாலம் இடுக. 

விழைவும் எச்சமும்

இரண்டாவது இடர் 'ஸுப்ஜோன்க்திஃப்' என்னும் வினைவடிவம். இதனை விழைவு வடிவு எனலாம். நிகழ்ந்ததனை நிகழ்ந்ததாகக் கூறாது, விரும்பப்பட்டதாகவோ, வேண்டப்பட்டதாகவோ, அஞ்சப்பட்டதாகவோ, ஐயுறப்பட்டதாகவோ கூறுமிடத்து இவ்வடிவு வரும். ஆங்கிலத்தில் இது பெரிதும் தேய்ந்துபோயிற்று. ஆகலின் ஆங்கிலத்தையே துணைக்கொண்டவன் இதனைப் பொருளற்ற தொல்லை என்று கருதுகின்றான்.

தமிழ் மாணவனோ வியங்கோளை அறிவான். 'வாழ்க', 'வருக' என்பனவற்றில் நிகழ்ச்சி கூறப்படவில்லை, விழைவே கூறப்பட்டது. "அவர் வருகின்றார் என அறிவேன்", "அவர் வருக என விரும்புகின்றேன்" என்னும் இரண்டு தொடர்களையும் ஒப்பு நோக்குக. முன்னதனைப் பிரெஞ்சில் இயல்பான வினைவடிவாலும், பின்னதனை விழைவு வடிவாலும் கூறவேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒளியை நோக்கிக் கடவுள் இடும் கட்டளை நம் தமிழ் வேதாகமத்தில் 'கடவது' என முடிகின்றது. பிரெஞ்சு வேதாகமத்தில் அவ்விடத்து நிற்பது 'சுவா' என்னும் விழைவு வடிவு. ஒளி உண்டாயிற்று என்று கூறுமிடத்தோ வினை இறந்தகாலத்திற்கு மாறிவிடுகின்றது. கட்டளைக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள வேற்றுமையை இவ்வொரு வசனத்தைக்கொண்டே மாணவன் உணர்ந்துகொள்ளலாம்.

இனி, எச்சங்களை நோக்குவோம். "நான் செல்ல விரும்புகின்றேன்" என்பதிலும், "நீ செல்ல விரும்புகின்றேன்" என்பதிலும் 'செல்ல' என்னும் ஒரே எச்சம் வந்தது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொள்ளும் எனவும், செய என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையும் பிற வினைமுதலையும் கொள்ளும் எனவும் நன்னூல் வகுத்திருத்தலைக் கற்றவர் அறிவர். பிரெஞ்சில் உள்ள குறிப்பு வினைச்சொல், 'விரும்புதல்' போன்ற வினைகளுக்குப் பின் வருங்கால், விரும்புவோனும் செல்வோனும் ஒருவனாயிருக்கும்போதே வரும். இருவராயின், 'க' என்னும் இணைப்புச் சொல்லிட்டு விழைவு வடிவாற் கூறவேண்டும். ஆகவே 'செய' என்னும் எச்சத்தைப் பிரெஞ்சில் ஆக்கும்போதெல்லாம் வினைமுதல் ஒன்றோ இரண்டோ என்று எண்ணிப் பார்த்தல் கடமை.

செய்து என்னும் எச்சத்திற்கு ஒருபுடை ஒப்பாகப் பிரெஞ்சில் 'ஜெரோந்திஃப்' என ஒன்றுண்டு. 'பாடி நடந்தான்' என்பதிற்போல அதுவும் முற்றுவினையின் வினைமுதலையே தனக்கும் கொள்ளும். 'நடந்து மழை பெய்தது' என்று தமிழில் யாரும் எழுதார். எழுதினால் மழை நடந்ததாகிவிடும். பிரெஞ்சிலும் அவ்வாறே. பிரெஞ்சுச் சிறுவர்க்கும் இவ்விடத்திற் பிழை நேர்வதுண்டு. நன்னூல் கற்ற தமிழ் மாணவனுக்கு நேர்தற்குக் காரணம் இல்லை.

புணர்ச்சி

"எழுத்திற் கண்டால் விளங்குகின்றது; காதாற் கேட்டால் ஒரு சொல்லும் பிரிந்து விளங்கவில்லை" என்பது இடைநிலை மாணவர் எல்லாரும் கூறும் முறையீடு. இதற்குக் காரணம் பிரெஞ்சர் விரைந்து பேசுவது மட்டும் அன்று. அவர் சொற்களைப் புணர்த்துப் பேசுவதுமாம்.

தமிழில் 'தமிழ்' என்பதும் 'அன்னை' என்பதும் சேர்ந்து 'தமிழன்னை' ஆகின்றன. நிலைமொழி ஈற்று மெய்யின்மேல் வருமொழி உயிர் ஏறிற்று. பிரெஞ்சிலும் 'எல்' என்பதும் 'அரீவ்' என்பதும் சேர்ந்து 'எலரீவ்' என ஒலிக்கும். 'அவள் வருகின்றாள்' என்பது பொருள். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களும் பிரெஞ்சுப் புணர்ச்சியிற் காணப்படும். 'லே' என்பதனோடு நண்பர்களைக் குறிக்கும் 'அமி' என்பது சேருங்கால், எழுத்தில் இருந்தும் ஒலியாதிருந்த மெய் உயிர்பெற்று 'லேஸமி' என ஒலிக்கும், இது தோன்றல். 'க்ரான்' என்பதனோடு 'ஒம்' என்பது சேர்ந்து 'பெரியோன்' எனப் பொருள்படுங்கால், ஈற்றில் எழுதப்பட்ட டகரம் தகரமாய்த் திரிந்து 'க்ரான்தொம்' என ஒலிக்கும், இது திரிதல். 'ல' என்பதனோடு 'அமி' சேருங்கால், நிலைமொழி ஈற்றுயிர் கெட்டு 'லமி' ஆகும், இது கெடுதல். நாடு, எல்லாம் என்பன 'நாடெல்லாம்' ஆவதும் இவ்வாறன்றோ?

புணரும் இடமும் புணரா இடமும் அறிதல் இன்றியமையாதது. 'உம்' என்னும் பொருள்படும் 'ஏ' என்னும் இடைச்சொல்லின் ஈற்று மெய் எவ்விடத்தும் உயிர்பெறாது. வீரர்களைக் குறிக்கும் 'ஏரோ' என்னும் சொல்லின் முன் 'லே' என்பது புணராது விட்டிசைக்கும். புணர்த்துச் சொல்லின் 'வீரர்கள்' என்பது 'பூச்சியங்கள்' என ஆகிவிடும். வீராங்கனைகளைக் குறிக்கும் 'ஏரொயீன்' என்னும் சொல்லின் முன்னரோ தடையின்றிப் புணரும். இத்தகைய நுட்பங்களைப் பட்டியலாகக் கற்பின் சலிப்பே மிகும். புணர்ச்சி என்பது மொழியின் மூச்சு என்றுணர்ந்த தமிழ் மாணவன் இவற்றை விருப்பத்தோடு கற்பான். தொடர்மொழியைப் பதம் பிரித்துப் பொருள் கொள்ளப் பழகிய நமக்கு, கேட்ட ஒலித்தொடரைப் பிரித்துக் காண்பது முற்றும் புதிய தொழில் அன்று.

தமிழ் துணை செய்யா இடங்கள்

தமிழ் யாண்டும் கைகொடுக்கும் என்று கூறுதல் உண்மையாகாது. முதலாவது பால். நம் மொழியில் திணையும் பாலும் பொருள்பற்றி வருவன. பிரெஞ்சில் அவை பெரும்பாலும் சொற்பற்றி வருவன. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காவற்காரனைக் குறிக்கும் 'ஸான்தினெல்' என்னும் சொல், காப்பவன் ஆடவனேயாயினும் பெண்பால். புத்தகத்தைக் குறிக்கும் 'லீவ்ர்' என்னும் சொல்லே பெண்பாலாய் வரின் ஒரு நிறையளவையைக் குறிக்கும். ஈண்டுக் காரணம் வினவுதல் வீண்வேலை. பெயரைக் கற்கும்போதே அதன் முன்வரும் அடைச்சொல்லோடு சேர்த்துக் கற்பது ஒன்றே வழி. சொல்லின் ஈறு ஓரளவு துணை செய்யும். 'ஸியோன்' என்று ஒலித்து முடியும் செயற்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். 'மான்' என்று ஒலித்து முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால்.

இரண்டாவது சுட்டுப்பெயர். "உன்னிடம் பேனாக்கள் உளவோ?" என்று வினவினால், "மூன்று உள" என்று விடை கூறுகின்றோம். பிரெஞ்சில் அது குறைவாக்கியம். 'அவற்றுள்' என்பது போன்ற பொருள்தரும் 'ஆன்' என்னும் சிறு சொல்லை இட்டே 'மூன்று உள' என்று கூறவேண்டும். வினைமுற்றின் விகுதியே எழுவாயை உணர்த்தும் தமிழில், "கொடுத்தேன்" என்பது தனித்து நிற்கும். பிரெஞ்சில் 'நான்', 'அதனை', 'அவனுக்கு' என மூன்றும், வகுத்த வரிசையிலேயே, வினைக்கு முன் நிற்றல் வேண்டும். தமிழ் நம்மைச் சொற்சுருக்கத்திற் பழக்கியிருத்தலின், இச்சிறு சொற்களை விட்டுவிடுதல் தமிழ் மாணவர்க்கு இயல்பாக நேரும் பிழை.

மூன்றாவது, முடிவிறந்தகாலத்தில் வரும் எச்சத்தின் இயைபு. 'நான் எழுதிய கடிதங்கள்' என்னுமிடத்து, எழுதப்பட்ட கடிதங்கள் சொல்லமைப்பில் வினைக்கு முன் வந்தமையால், அவற்றின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எச்சம் வேறுபடும். கடிதங்கள் வினைக்குப் பின் வந்தால் வேறுபடாது. இத்தாலியர் வழக்கைக் காட்டி இவ்விதியைத் தம் மாணாக்கர்க்கு ஒரு செய்யுளால் உணர்த்தியவர், 1544-இல் மறைந்த க்ளெமான் மரோ என்னும் புலவர். தாவீதின் சங்கீதங்கள் பலவற்றைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கி, ஜெனீவாவிலிருந்த சீர்திருத்தத் திருச்சபையாரின் பாட்டுப்புத்தகத்திற்கு அடிகோலியவரும் இவரே. சபையிற் சங்கீதம் பாடுவித்தவர் பள்ளியில் மாணாக்கரைத் திணறவும் வைத்தார் என்று பிரெஞ்சு மாணவர் நகைப்பதற்கு இடமுண்டு.

நான்காவது இடர் தமிழால் வருவதன்று; ஆங்கிலத்தால் வருவது. இரு மொழிகளிலும் ஒத்த உருவமும் வேறு பொருளும் உடைய சொற்கள் பல. 'லிப்ரேரீ' என்பது நூல்நிலையம் அன்று, புத்தகக் கடை. 'அஸிஸ்தே' என்பது ஒரு கூட்டத்திற்குச் செல்லுதல் எனவும் பொருள்படும். 'அக்த்யுஎல்மான்' என்பது 'உண்மையில்' என்னும் பொருளது அன்று. 'இப்பொழுது' என்னும் பொருளது. கிறிஸ்தவ மாணவர் சிறப்பாகக் கருத்திருத்தவேண்டிய சொல் 'ப்ளெஸே' என்பது. ஆங்கிலத்தில் ஆசீர்வதித்தலைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பினும், இது காயப்படுத்துதல் என்றே பொருள்படும். ஆசீர்வதித்தலுக்குச் சொல் 'பேனீர்'. போதகர் ஒருவர் சபையாரை நோக்கி முன்னைய சொல்லை ஆண்டால் விளைவு யாதாகும் என்பதை நண்பர்கள் எண்ணிக்கொள்க.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும்

தமிழில் எழுதும் நடை வேறு, பேசும் நடை வேறு என்பதனை நாம் தாய்மடியிலேயே கற்றோம். வீரமாமுனிவர் என்னும் பெஸ்கி பாதிரியார் இதனை நன்குணர்ந்து, செந்தமிழுக்கு ஓரிலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓரிலக்கணமும் எனத் தனித்தனியே இலத்தீனில் இயற்றினார். பின்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டது. பிரெஞ்சு கற்பானும் இம்முனிவர் காட்டிய வழியிற் செல்லுதல் நன்று.

பிரெஞ்சில் எதிர்மறையை உணர்த்த வினைக்கு முன் 'ந' என்பதும், பின் 'பா' என்பதும் இடுக என்று பாடநூல் கற்பிக்கும். பேச்சிலோ 'ந' மறைந்து 'பா' மட்டும் நிற்பது பெருவழக்கு. 'நாம்' என்பதற்குப் பாடநூலிற் கண்ட 'நூ' என்பதன் இடத்தைப் பேச்சில் 'ஓன்' என்பது பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. இதற்கு மறுதலையாக, 'பஸே ஸம்ப்ள்' என்னும் இறந்தகாலம் கதைகளிலும் வரலாறுகளிலும் வேதாகமத்திலும் மிக்கு வரும்; நாட்பேச்சில் வாராது. ஆகவே இதனை இடைநிலை மாணவன் படித்தறிந்தாற் போதும். பேசப் புகுந்தால் நகைப்புக்கு இடமாகும். 1942-இல் ஆல்பேர் காம்யு வெளியிட்ட 'அந்நியன்' என்னும் நாவல், கதைக்குரிய அவ்விறந்தகாலத்தை விடுத்து, பெரும்பாலும் பேச்சுக்குரிய முடிவிறந்தகாலத்தாலேயே நடத்தப்பெற்றது. இடைநிலை மாணவர்க்கு முதல் நாவலாக அதனை ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தற்கு இதுவும் ஒரு காரணம். அதனை வெ. ஸ்ரீராம் தமிழாக்கியுள்ளார் ஆதலின் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கலாம்.

முன்னிலைச் சொல்லும் ஈண்டுக் கருதற்பாலது. பிரெஞ்சில் 'த்யு' நெருக்கம் காட்டும். 'வூ' மதிப்புக் காட்டும். நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிப்படியாக மதிப்புரைக்கும் தமிழனுக்கு இஃது எளிது என்று தோன்றும். ஆயினும் ஒன்றற்கு ஒன்று அப்படியே ஈடாகாது. நாம் கடவுளை 'நீர்', 'உம்முடைய' என்று வேண்டுகின்றோம். பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையாரோ பண்டுதொட்டு அவரை 'த்யு' என்றே அழைத்து வந்தனர். கத்தோலிக்கர் கர்த்தரின் செபத்தில் 'வூ' என்று வழங்கிப் பின்னர், 1966-இல் சபைகளுக்குப் பொதுவாக இயற்றப்பெற்ற வடிவை ஏற்று 'த்யு' என வழங்கலாயினர். அவர் கடவுளை மதியாதவர் என்பது கருத்தன்று. தந்தையை மைந்தன் அழைப்பதுபோல அழைத்தனர். மதிப்பினை அளக்கும் கோல் மொழிக்கு மொழி வேறுபடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கற்கும் முறை

மேற்கூறியவற்றால், இடைநிலை மாணவன் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் பெறப்படும்.

முதலாவது, நன்கறிந்த நூலைப் பிரெஞ்சிற் படிக்க. நமக்கு அத்தகைய நூல் சுவிசேஷமே. லூயி ஸெகோன் என்பாரின் மொழிபெயர்ப்பு 1880-இல் முழுமையாக வெளிவந்து இன்றும் திருத்தங்களோடு வழங்கிவருகின்றது. கெட்ட குமாரன் கதையை நாம் அறிவோம் ஆகலின் அகராதியைப் புரட்டவேண்டுவதில்லை. எவ்வினை எக்காலத்தில் நின்றது, ஏன் நின்றது என்பதை மட்டும் நோக்கினாற் போதும். அந்நூலின் நடை எழுத்து வழக்கு என்பதை மறவற்க.

இரண்டாவது, நாடோறும் பத்து வாக்கியம் எழுதுக. நேற்று நடந்ததனை எழுதுவதே சிறப்பு. ஏனெனின் ஒவ்வொரு வினையிலும் முடிவோ நிலவோ என்னும் கேள்வி தானே எழும்.

மூன்றாவது, கேட்டெழுதுக. பிரான்சின் வெளிநாட்டு வானொலியாகிய ஆர். எஃப். ஐ. எளிய பிரெஞ்சில் ஒரு செய்தியறிக்கை வழங்குகின்றது. அதில் ஒரு சில வாக்கியங்களைப் பன்முறை கேட்டு எழுதிப் பதம் பிரித்துப் பார்த்தால், ஒரு மாதத்தில் செவி திறக்கும்.

நான்காவது, பிரெஞ்சுச் சொல்லுக்குப் பிரெஞ்சிலேயே பொருள் கூறும் அகராதியைக் கையாளுக. முதனிலையில் ஆங்கிலப் பொருளுள்ள அகராதி ஊன்றுகோல். இடைநிலையில் அதுவே கால்விலங்காகும். ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்று ஐந்து சொற்களைக் கண்டு மீள்வது முதலில் அலுப்பாயினும் பின்னர்ப் பெருஞ்செல்வமாம்.

பயன்

இத்துணை உழைப்பு எற்றுக்கு என வினவலாம். வெளிநாட்டுக் கல்வியும் உத்தியோகமும் பயன்களே. அவற்றை இகழ்வார் இலர். தமிழ் மாணவர்க்கு வேறொரு பயனும் உண்டு. தமிழைப்பற்றிப் பிரெஞ்சில் எழுதப்பட்டவை பல. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியேன் வென்ஸோன் 1903-இல் தமிழ்மொழிக்கு ஒரு கையேடு இயற்றினார். 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், காரைக்காலம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை 1956-இலும், ஃப்ரான்ஸுவா க்ரோ என்பார் செய்த பரிபாடல் மொழிபெயர்ப்பை 1968-இலும் வெளியிட்டனர். நம் இலக்கியத்தை அயலார் எவ்வாறு கற்றனர், எவ்விடத்து வியந்தனர், எவ்விடத்து ஐயுற்றனர் என்பதனை அறிய விரும்பும் தமிழ் மாணவனுக்கு இடைநிலைப் பிரெஞ்சே வாயிற்கதவு. முதனிலையில் நின்றவனுக்கு அக்கதவு திறவாது.

ஆதலின் மாணவ நண்பர்காள்! மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தோர் தமிழைப் புறக்கணித்தல் வேண்டா. ஏணியைத் தள்ளிவிட்டு மாடியேற முயல்வார் இல்லை. தமிழை எடுத்தோரும் பிறமொழி கற்பின் தமிழ்ப்பற்றுக் குறையும் என்று அஞ்சுதல் வேண்டா. 'குரைத்தது' என்னும் ஒரு சொல்லினுள் இரண்டு பொருள் அடங்கியிருத்தலைப் பிரெஞ்சு கற்றவனே தமிழில் முதன்முதலாகக் காண்கின்றான். 'செல்வார்' என்பது சென்ற காலத்தையும் குறிக்கும் நயத்தை அவனே வியக்கின்றான். பிரெஞ்சுக்குத் தமிழ் விளக்காதல்போலத் தமிழுக்கும் பிரெஞ்சு விளக்காகின்றது. இரண்டு விளக்கையும் ஏந்திச் செல்வார்க்கு இடைநிலை என்னும் வனாந்தரம் நெடுந்தொலைவு அன்று.